நடை வேகத்துக்கு ஒரு சைலன்சர்

ஒரு லாரித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ சைலன்சர்களின் சத்தத்தை அளந்து, சரி என்றும் சரியில்லை என்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் சில பிசகாகவும் போயிருக்கலாம். ஆனால் தெரிந்தே தவறாகத் தேர்ந்தெடுத்த சைலன்சர் ஒன்றுதான். அது தொழிற்சாலைக்கானதல்ல. என் நண்பன் ஒருவனுடைய பெரிய வண்டிக்காக, அவன் என்னை நம்பிக் கேட்டதால், நான் தேர்ந்தெடுத்தது.

அவனும் நானும் ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் எட்டாவதோடு நின்று துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். நான் பாலிடெக்னிக் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பொறியியல் பட்டமும் வாங்கினேன். எங்கள் தெருவில் எல்லோரும் என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மூட்டை தூக்கி, மேஸ்திரியாகி, பழைய டிரெய்லர் லாரி ஒன்றை வாங்கி, அது இரண்டாகி நான்காகி, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர்களில் அவனுடையவை எத்தனை என்று எனக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டான். தெரியாது என்பது பொய். ஏழு. நான் எண்ணி வைத்திருந்தேன்.

எங்கள் பங்கின் மாதா கோயில் திருவிழாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். திருவிழாவின் கடைசி நாள் மாலையில் மாதா சொரூபத்தைத் தேரில் ஏற்றி ஒன்பது தெருக்களைச் சுற்றிவருவோம். என் அப்பா துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தேர்க் கயிற்றின் முதல் பிடி அவருடையது. யாரும் எழுதி வைத்த உரிமையல்ல. ஆனால் அவர் வந்து கயிற்றைத் தொடும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அவனுடைய அப்பா அதே தேருக்குப் பின்னால், தலையில் சும்மாடு வைத்து காஸ் லைட் சுமந்து வருவார். கூலிக்கு. சுமப்பவர் நின்று கும்பிட முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது. விளக்கு ஆடினால் ஊர்வலத்து ஆட்கள் அதட்டுவார்கள். என் அப்பாவும் ஒருமுறை அதட்டியிருக்கிறார். அவனும் நானும் அப்போது பக்கத்தில்தான் நின்றோம்.

அப்பாவுக்குப் பிறகு முதல் பிடி எனக்கு வந்தது. பிறகு தேர் பெரிதாகி, டிராக்டர் வைத்து இழுக்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் கயிற்றை எடுத்துவிடவில்லை. பூச்சுற்றி டிராக்டருக்கு முன்னால் கட்டியிருப்பார்கள். அது எதையும் இழுக்காது. நான் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வேட்டியில் முன்னால் நடப்பேன். எதையும் இழுக்காத கயிறு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வருடம் அவன் பெரிய வண்டி ஒன்று வாங்கினான். ஏழு பேர் உட்காரலாம். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். ஏறுவதற்கே பக்கவாட்டில் படி வேண்டும். கறுப்பு நிறம். அதன் பக்கக் கண்ணாடி சரியாக என் முகத்தின் உயரத்தில் இருந்தது. அந்த வண்டியைக் கடந்து போகும்போதெல்லாம் என் முகத்தை நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் அப்போதும் ஸ்கூட்டரில்தான் திருவொற்றியூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எண்ணூர் சாலையின் கரித்தூள் சட்டைக் காலரில் படிந்து, வீட்டுக்கு வந்தால் என் மனைவி அதைத் தனியாகச் சோப்பு போட்டுத் தேய்ப்பாள்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலை அடைத்துத்தான் நிறுத்த முடியும். என் மனைவி ஒருநாள் சொன்னாள்:

"அண்ணன் வண்டி நின்னாக்கா நம்ம வாசல்ல வெயிலே வர்ல. ஜில்லுனு கீது."

"அப்போ அவன் வூட்டு வாசல்லயே போய் ஒக்காரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

பொறாமை என்று அப்போது நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. எட்டாவது படித்தவனுக்கு அந்த எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். பானட்டைத் திறந்து காட்டி அவன் கேட்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் விளக்குவேன். அவன் வாயைத் திறந்து கேட்பான். "எனக்கு ஓட்டத்தான் தெரியும் மாமு. உனுக்குத்தான் அது பேசறது புரியுது" என்பான். அதைக் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் ஆறும்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு பங்குக் கூட்டம் நடந்தது. முந்தைய வருடம் டிராக்டரின் புகை மாதாவின் நீலப் பட்டிலும் மல்லிகையிலும் படிந்து, தேர் கோயிலுக்குத் திரும்பியபோது சொரூபத்தின் முகத்தையே துடைக்க வேண்டியிருந்தது. டிராக்டர் வேண்டாம் என்று பங்குத்தந்தை சொன்னார். அவன் எழுந்தான்.

"ஃபாதர், என் வண்டி இஸ்துக்கட்டும். நானே ஓட்டறேன்."

"உங்க வண்டியும் டீசல்தானே?" என்றார் ஃபாதர். "புகை பின்னால தேர் மேலதான் வரும். சத்தமும் வரும். ஜெபமாலை சொல்றவங்க காதுல ஜெபம்தான் விழணும். அதுக்கு வழி பண்ணுனா சரி."

"அதெல்லாம் நம்ம இன்ஜினியரு பாத்துக்குவாரு ஃபாதர். புதுசா சைலன்சரு மாத்திடலாம்" என்று அவன் என் பக்கம் கையை நீட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னார்: "அப்ப இந்த வருசம் கயிறு தேவயில்ல. வண்டிக்கு முன்னாடி லைட்டு அலங்காரம் வெச்சிக்கலாம். கயிறு கட்டுனா காலுல மாட்டும்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. சொந்த மரியாதைக்காக வாய் திறப்பது படித்தவனுக்கு அழகில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் அவன் என் தோளில் கை போட்டான்.

"மாமு, எங்கப்பன் இந்தத் தேருக்குப் பின்னாடி லைட்டு தூக்கினு நடந்துகினே செத்தான். ஒருதபா கூட மாதா மூஞ்ச நேரா பாத்ததில்ல. இப்ப நான் இஸ்துகினு போப்போறேன். பொக வரக் கூடாது, சத்தம் வரக் கூடாது. அவ்ளோதான். நீ இன்னா சொல்றியோ அத்த மாட்டிக்கலாம்."

அவனுக்கு அந்த வருடத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பாயின் பட்டறை இருந்தது. சைலன்சர் வேலை மட்டும்தான் செய்வார். பள்ளத்துக்கு மேலே வண்டியை நிறுத்தி, கீழே நின்று அண்ணாந்தபடியே வெல்டிங் வைப்பார். அதனால் அவருடைய தாடியில் எப்போதும் பொறி பட்டுச் சுருண்ட முடிகள் இருக்கும். வண்டியைப் பார்த்ததும் பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு சைலன்சர்களை எடுத்து வைத்தார்.

ஒன்று, நீளமான இரும்புப் பெட்டி. உள்ளே மூன்று அறைகள். புகை ஒவ்வொரு அறையாகச் சுற்றித் தணிந்துதான் வெளியே வரும். பார்க்க அழகில்லை, கறுப்பு பெயின்ட். மற்றொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூன்று அங்குலக் குழாய். உள்ளே ஓட்டைகள் போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தது. புகை தடையில்லாமல் நேராகப் போகும். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

"அண்ணாத்த, ரெண்டுல எத மாட்னாலும் வாய இடது சைடுல, பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ பாத்து வளச்சி உட்றலாம்" என்றார் பாய். "தேரு மேல பொக வராது. ஆனா தேருக்குன்னா இந்தக் கறுப்புப் பொட்டிதான். பாக்க கலீஜா கீது, சத்தம் அடக்கும். அந்தப் பளபளா ரோட்டுல பறக்கறவனுக்கு."

அவன் என்னைப் பார்த்தான். "இன்னா மாமு?"

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எத்தனையோ முறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கனமான தேரை நடை வேகத்தில் இழுக்க வேண்டுமென்றால் வண்டியை லோ கியரில் போட வேண்டும். லோ கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து அறுநூறு சுற்று அளவில் நிற்கும். பஞ்சடைத்த நேர்க்குழாய் மிக மோசமாக அதிரும் இடம் அதுதான். அதற்குக் கீழேயும் தணிந்திருக்கும், மேலேயும் தணிந்திருக்கும். இது என் வேலை. என் வீட்டு விலாசம் மாதிரி எனக்குத் தெரிந்த விஷயம்.

"பெட்டி வேண்டாம்" என்றேன். "உள்ள அறை அறையா இருந்தா புகை தேங்கும். எஞ்சின் மூச்சு முட்டும். தேர் இழுக்கும்போது சூடேறி நின்னுடுச்சுன்னா? இந்த எஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடணும். ஸ்டீல் குழாய்தான் சரி."

அதற்குள் சில ஆங்கிலச் சொற்களையும் போட்டுப் பேசினேன். அவன் பள்ளத்தின் விளிம்பில் குந்தி அந்தக் குழாயைத் தடவிப் பார்த்தான்.

பாய் தயங்கினார். "சார், தப்பா நெனக்காதீங்க. மாட்டிட்டு ஒருதபா லோ கியர்ல, நடக்கற ஸ்பீடுல பாத்துக்கலாம். பின்னாடி லோடு கட்டி."

"பாய், நான் முப்பது வருஷம் இதே வேலைதான் பாக்கறேன்" என்றேன்.

"சரி சார்" என்று கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். பள்ளத்துக்குள் இறங்கினார். நான் வாங்கிய பட்டத்தை நான் பயன்படுத்தியதிலேயே மிக மோசமான பயன் அந்த ஒரு வாக்கியம்.

மாட்டி முடித்ததும் சோதனைக்குப் போனோம். எங்கே போவது என்பதை நான்தான் சொன்னேன். எண்ணூர் விரைவுச்சாலை. கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டி, அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும்வரை எண்பதில் ஓட்டச் சொன்னேன். எண்பதில் அந்த வண்டி தூங்குகிற பூனை மாதிரி மெல்ல உறுமியது. அவன் ஜன்னலை இறக்கி ஒரு காதை வெளியே நீட்டினான்.

"சத்தமே இல்ல மாமு! ஃபாதரு பேசற சத்தம்கூட இத்த விட ஜாஸ்தி."

அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினான். திரும்பும் வழியில் என்னை டீக்கடையில் நிறுத்தி, கடைக்காரரிடம், "இவரு யாரு தெரியுமா? எங்க பெஞ்சு. எங்க கிளாசுலயே இவுரு ஒருத்தருதான் மண்டக்குள்ள மூள வெச்சிகினு வந்தவரு" என்றான். நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் வரவில்லை. தேர்வு எழுதி முடித்த மாணவன் மாதிரி நிம்மதியாக இருந்தேன்.

திருவிழா நாள் மாலை ஐந்தரைக்குத் தேர் புறப்பட்டது. வண்டியின் கறுப்பு மேனி முழுக்க வெள்ளைச் சாமந்தி. தேரின் முன்சட்டத்தை அவன் வண்டியின் கொக்கிக்கு ஏற்றபடி மாற்றி அமைத்திருந்தார்கள். அவன் பட்டு வேட்டி கட்டி, ஸ்டீயரிங்கில் சின்ன ஜெபமாலை தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் அவனுடைய அப்பாவின் படம் இருந்தது. உள்ளே பின்னால் பார்க்கும் கண்ணாடியை, சொரூபம் தெரியும்படி அவன் திருப்பி வைத்ததைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பிறகு முதல்முறையாக நான் கயிறில்லாமல், வெறும் கைகளுடன், ஓரத்தில் நடந்தேன்.

கோயில் மைதானத்தில் ஒன்றும் தெரியவில்லை. திறந்த இடம், மெல்லிய சரிவு. முதல் தெருவுக்குள் நுழைந்து லோ கியர் விழுந்ததும் அது ஆரம்பித்தது. கத்தல் அல்ல, காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்கிற சத்தம். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், நடுவில் குறுகிய தெரு. ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. கைக்குழந்தைகள் வீறிட்டன. ஒலிபெருக்கியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த சிஸ்டரின் குரல் பாதி வார்த்தையில் மூழ்கியது. அவர் குரலை உயர்த்தினார். அது இன்னும் பரிதாபமாக இருந்தது. மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்:

"இன்னாபா, தேருக்கு முன்னாடி கப்பல கட்டி இஸ்துகினு வர்றீங்களா?"

"ஹார்பர்ல உட வேண்டிய வண்டிய தெருவுல உட்டுகீறாரு!" என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழுந்தது.

அவன் கியரை மாற்றிப் பார்த்தான். வண்டி குலுங்கி, பின்னால் தேர் ஆடி, மாதாவின் தலையில் இருந்த கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. பெண்கள் "ஐயோ, மாதாவே" என்று அலறினார்கள். தேரில் நின்றவர்கள் சொரூபத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கூட்டத்தில் தேடினான். யாரைத் தேடினான் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு பூக்கடைத் தட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஃபாதர் வந்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். திடீரென்று விழுந்த மௌனத்தில் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இந்தச் சத்தத்துல ஜெபம் பண்ண முடியாது. வண்டியக் கழட்டிடுங்க. நான்தான் முதல்லயே சொன்னேனே? யார் இந்த சைலன்சரைத் தேர்ந்தெடுத்தது?"

அதற்குள் நான் கூட்டத்தால் தள்ளப்பட்டு வண்டியின் அருகே வந்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஃபாதரைப் பார்த்தான்.

"நான்தான் ஃபாதர். இன்ஜினியரு கறுப்புப் பொட்டிதான் போடச் சொன்னாரு. நான்தான் பளபளன்னு கீதேன்னு ஆசப்பட்டு இத மாட்டினேன். தப்பு என்னுது."

சொல்லிவிட்டு அவன் பக்கத்து இருக்கையில் இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தான்.

நான் பத்து அடி தூரத்தில் நின்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. என் தொண்டையில் எந்த அடைப்பும் இல்லை. சொல்ல முடியாமல் போனது என்று எழுதினால் பொய்யாகும், சொல்லவில்லை.

வண்டியிலிருந்து தேரைக் கழற்ற முடியாது என்று ஆட்கள் சொன்னார்கள். முன்சட்டம் மாற்றியிருந்ததால், வண்டியைக் கழற்றினால் தேரைத் திருப்புவதற்கு வழியில்லை. அப்போது காசிமேட்டுக் கடல் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் முன்னால் வந்தார்கள்.

"எதுக்கு நைனா கழட்டணும்? நாங்க தெனமும் படகையே கரைக்கு இஸ்கறோம். இது இன்னா பெரிய வேல? கயிறு கொண்டாங்கடா!"

கோயில் பின்னறையில் கிடந்த பழைய தேர்க்கயிறு வந்தது. வண்டியின் முன் கொக்கியில் கட்டினார்கள். நாற்பது ஐம்பது பேர் பிடித்தார்கள். முனையில் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஒருவர் கூப்பிட்டார்: "இன்ஜினியரே, வாங்க. உங்க எடம்."

நான் போய்ப் பிடித்தேன்.

இங்கேதான் என்னுடைய இரண்டாவது பாவம், முதலாவதைவிடப் பெரியது. எஞ்சினை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. நியூட்ரலில் போட்டு மெதுவாக ஓடவிட்டால் அந்த அதிர்வு வராது; முனகல் போலத்தான் இருக்கும். எஞ்சின் ஓடினால்தான் அந்த மாதிரி வண்டியில் ஸ்டீயரிங் இலகுவாகத் திரும்பும், பிரேக் இலகுவாகப் பிடிக்கும். நின்றுவிட்டால் இரண்டும் கல்லாகிவிடும். பின்னால் தேரின் கனம் வேறு. இதை நான் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், எந்த வேகத்தில் அந்தக் குழாய் சத்தம் போடும் என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதும் வெளியே வந்துவிடும். அதனால் கயிற்றை இழுத்தேன்.

எட்டுத் தெருக்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் இருக்கையைவிட்டு எழுந்து, முழு உடம்பையும் ஸ்டீயரிங்கின் மேல் போட்டுத் திருப்பினான். கனமெல்லாம் அவன் வலது தோளில் இறங்கியது; மூட்டை தூக்கிய காலத்தில் ஒருமுறை சரக்கு விழுந்து அடிபட்ட தோள் அது. நான் அவ்வப்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் வேர்வையில் மின்னியது. ஊர்வலம் அழகாக இருந்தது. ஜெபமாலை தெளிவாகக் கேட்டது. பல வருடங்களுக்குப் பிறகு உண்மையாகவே கனக்கும் கயிறு என் கையில் இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அவனை ஒரு பொம்மை மாதிரி உட்கார வைத்து நான் இழுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் அந்தச் சந்தோஷம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என் உள்ளங்கைக் கொப்புளங்களுக்கு எண்ணெய் தடவினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் அவ்ளோ அசிங்கப்பட்டு நிக்குது. உங்க மூஞ்சி இன்னாத்துக்கு கல்யாண மாப்ள மாதிரி கீது?"

நான் விளக்கை அணைக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் பாய் கறுப்புப் பெட்டியை மாட்டினார். அவன் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். நடை வேகத்தில் பாய் தானே ஓட்டிக் காட்டினார். சக்கரம் மண்ணில் நெரியும் சத்தம்தான் கேட்டது. அவர் இறங்கி வந்து, கழற்றிய ஸ்டீல் குழாயை ஒரு துணியால் துடைத்து, என் காலடியில் வைத்தார். "நீங்களே வெச்சிக்கோங்க சார்" என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக நான் போனதில்லை. ஷேர் ஆட்டோவில் போனாலும் முன்கூட்டியே இறங்கிக்கொள்வேன்.

மறு வருடத்திலிருந்து கமிட்டி வேறு ஏற்பாடு செய்துகொண்டது. அவனை யாரும் கேட்கவில்லை, அவனும் முன்வரவில்லை. கயிறு திரும்பி வந்தது. முதல் பிடியும் எனக்கே வந்தது. நான் இரண்டு வருடம் பிடித்தேன், பிறகு முழங்கால் வலி என்று விட்டுவிட்டேன்.

அன்றைய திருப்பங்களில் பிசகிய அவனுடைய தோள் குணமாகவில்லை. வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. மருத்துவம், எண்ணெய், புத்தூர்க் கட்டு என்று எல்லாம் செய்து பார்த்தான். ஞாயிறு பூசையில் அவன் எப்போதும் மூன்றாவது பெஞ்சு, நான் அவனுக்கு நேர் பின்னால் நான்காவது. சிலுவை அடையாளம் போடும்போது எல்லோரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். அவன் நெற்றியைக் கைக்குக் கொண்டுவருவான். குனிந்து, விரல் நுனியில் தலையை முட்டிக்கொண்டு, நிமிர்வான். பார்ப்பவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். பதினெட்டு வருடங்களாக ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று உண்டு. அப்போது அவனால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, தோள் விடாது. அதனால் எழுந்து முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்து, இடது கையால் வலது கையைத் தாங்கிக் கும்பிடுவான். "சமாதானம் மாமு" என்பான். வேறு யாருக்காகவும் அவன் அப்படித் திரும்பமாட்டான்.

போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். முன்பும் சொல்லியிருக்கிறேன், பொறாமை என்று ஒரு சொல்லில். இந்த முறை முழுவதையும் சொன்னேன். சின்ன வயது ஃபாதர். "கடவுள் மன்னிச்சுட்டார். ஆனா அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வண்டியை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. "வா மாமு" என்று இன்னொரு நாற்காலியைக் காலால் தள்ளினான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்: பெட்டிதான் சரி என்று தெரியும், குழாய் எந்த வேகத்தில் சத்தம் போடும் என்று தெரியும், அதற்காகத்தான் விரைவுச்சாலையில் ஓட்டச் சொன்னேன், எஞ்சினை நிறுத்த வேண்டியதில்லை என்பதும் தெரியும்.

அவன் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான்.

"சைலன்சரு உடு மாமு" என்றான். "அது இரும்பு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு நீ கயித்த புடிச்சி இஸ்தியே. நானு உள்ள ஒக்காந்து, 'சரி, எல்லாம் சிரிக்கறானுங்க, ஆனா இவன் ஒருத்தன் நமக்காக வேர்த்து இஸ்கறான்'னு நெனச்சினு இருந்தேன். அத்த வெச்சிதான் அந்தத் தெருவெல்லாம் சுத்தி வந்தேன். அப்ப நீ இன்னா நெனச்சே?"

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வருத்தப்பட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"சந்தோஷமா இருந்தேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். இடது கையை நாற்காலியில் ஊன்றி எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பலமாகச் சாத்தவில்லை. தாழ் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

அது நடந்து ஒரு வருடமாகப் போகிறது. அவன் இன்னும் மூன்றாவது பெஞ்சில்தான் உட்காருகிறான். நானும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாறி உட்காரலாமா என்று என் மனைவி கேட்டபோதும் மறுத்துவிட்டேன். குனிந்து நெற்றியைக் கைக்குக் கொண்டுவருகிறான். சமாதானம் சொல்லும் நேரத்தில் இடது பக்கம் இருப்பவருக்கும் வலது பக்கம் இருப்பவருக்கும் லேசாகக் கும்பிடுகிறான். நான் கைகளைக் கூப்பி அவன் முதுகைப் பார்த்தபடி நிற்கிறேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.